கூடத்தில் வற்றிய கடல்

கஸ்பார் சம்மாட்டியின் வீட்டுக் கூடத்தில் கடல் வற்றி ஏறிய கதையைத் தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல்செட்டு திரும்பக் கிடைத்த ஹெட்மாஸ்டரில் தொடங்கிச் சிலர் சொல்வார்கள், செப்புக் குடங்களில் தொடங்கிச் சிலர் சொல்வார்கள், ஆனால் அது அமலோற்பவத்தின் வயிற்றெரிச்சலில் தொடங்கியது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அந்த வயிற்றெரிச்சலை மூட்டியதில் ஊருக்கும் பங்கு இருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, வாடைக்காற்று ஓய்ந்த ஒரு தை மாதத்துக் காலையில், அவள் புருஷன் பிலவேந்திரன் ஆறு இட்லி தின்றுவிட்டு, முக்குளிக்கப் போடும் முகக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "குடைப்பாருக்குப் போறோம், சாயங்காலம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுக் கஸ்பார் சம்மாட்டியின் படகில் சங்கு குளிக்கப் போனான். கடலடியில் கல்லும் பவளமும் படிந்த மேட்டைப் பார் என்பார்கள், ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு, குளியாளியின் பெண்டாட்டிக்கு அந்தப் பெயர்கள் சொந்தக்காரர்களின் பெயரைப் போல அத்துப்படி. சாயங்காலம் படகு வந்தது, அவன் வரவில்லை. அவன் அன்று படகிலேயே ஏறவில்லை என்றும், கருவாடு வாங்க வந்த கொச்சிக்காரி ஒருத்தியோடு பஸ் ஏறிப் போனதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகவும் கஸ்பார் சொன்னார். படகோட்டி மிக்கேல் தலையை ஆட்டினான். நான்கு படகு வைத்திருக்கும் முதலாளி சொன்னால் சொன்னதுதான் என்று ஊரும் தலையை ஆட்டியது.

அதனால் பிலவேந்திரனுக்குக் கோவிலில் துக்கமணி அடிக்கவில்லை. பூசை வைக்கவில்லை. கல்லறைத் திருநாள் வந்து, ஊரே தத்தம் செத்தவர்களின் தலைமாட்டில் மெழுகுவத்தி கொளுத்தும்போது, கொளுத்த ஒரு கல்லறை இல்லாமல் அமலோற்பவம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்தாள். குழாயடியில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேர் அவள் சொந்தப் பேரைவிடப் பழக்கமாகிவிட்டது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவன் கடலில்தான் செத்தான் என்று கஸ்பார் வாயாலேயே ஊர் கேட்க வேண்டும், மணி அடிக்க வேண்டும். அது நடக்காது என்று தெரிந்தபோது, அவள் வேறு ஒன்றை ஆசைப்பட ஆரம்பித்தாள்.

உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கடல்மீன் வளர்ப்புப் பண்ணைக்குத் தொட்டி கழுவப் போனவள், நாலு வருடத்தில் கோமாளி மீனுக்கு முட்டை பொரிக்க வைக்கக் கற்றுக்கொண்டாள், ஏழாவது வருடத்தில் ஓட்டல்களும் டாக்டர் வீடுகளும் தங்கள் மீன்தொட்டிக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது வருடத்தில் கஸ்பார் சம்மாட்டி கூப்பிட்டார். ரத்தக் கொதிப்பு வந்து கடலுக்குப் போவதை விட்டுவிட்ட மனிதர், வீட்டில் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆசைப்பட்டார். அவளைக் கூப்பிடக் கூசவில்லையா என்றால், இல்லை. சொல்லிச் சொல்லித் தன் பொய்யை அவரே நம்பத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

"வா அமலோற்பவம். மவன் துபாய்ல ஒரு ஓட்டல்ல படம் புடிச்சு அனுப்பிருக்கான். கண்ணாடிப் பொட்டிக்குள்ள பாரே இருக்கு, பவளமெல்லாம் பூத்துக் கெடக்கு. நம்ம கூடத்துல அப்படி ஒண்ணு வைக்கணும்."

"வைக்கலாம் சம்மாட்டி. ஆனா அவசரப்படக் கூடாது. மீனக் கண்ணால பாக்கவே மூணு மாசம் ஆவும்."

"மூணு மாசமா? நான் ஒரு நாள்ல இலங்கை எல்லையத் தொட்டுட்டு வந்தவன்."

"அந்தக் கடலு ஏற்கனவே இருந்துச்சு சம்மாட்டி. இத நாம உண்டாக்கணும்லா."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் முந்தானை முடிச்சில் ஒரு பழைய செப்புக் காசு இருந்தது. பண்ணையில் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், மீன் நோய்க்குப் போடும் செம்பு மருந்து கொஞ்சம் பவளத் தொட்டியில் கலந்துவிட்டால் இறாலும் பூவும் புழுவும் இரண்டே நாளில் செத்து, அந்த அழுகலில் தண்ணீர் கெட்டு மீனும் மூச்சு முட்டி மிதக்கும். கஸ்பாரை ஒரு தொட்டியின் மேல் உயிராக ஆக்க வேண்டும், பிறகு அவர் உயிரை வைத்த ஒன்று தண்ணீருக்குள் திணறிச் சாவதை அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். இதுதான் அவள் திட்டம். இதைவிடச் சின்னதாக எதுவும் அவளுக்குப் போதாது.

தொட்டி நன்றாக இருந்தால்தானே பாசம் கூடும், அதனால் ஒரு குறை வைக்காமல் பார்த்துப் பார்த்துச் செய்தாள். வாசலுக்கு நேராக வெயில் விழும் இடத்தில் வைக்கச் சொன்னார் கஸ்பார், வெயில் பட்டால் பாசி அப்பிக்கொள்ளும் என்று அவள் மாட்டேன் என்றாள், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே நிழல் சுவரோரம் இடம் பிடித்தாள். அவர் பாட்டனார் காலத்துத் தேக்குப் பெட்டி மேல் வைக்கலாமே என்றார், கல்லும் தண்ணீருமாக எழுநூறு கிலோ வரும், பெட்டி ஒரு நாள் குந்திவிடும் என்று சொல்லி, படகுப் பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு அடிக்கச் சொல்லி, ரசமட்டம் வைத்து நாலு மூலையும் பார்த்து, மயிரளவு சாய்வு இருந்ததற்கு மறுபடி அடிக்கச் சொன்னாள். மேலே ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி, கீழே அழுக்கை வடிகட்ட இன்னொரு தொட்டி, அதில் நுரையோடு கசடை எடுக்கும் குழாய், தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப், அலையடிக்க இரண்டு பக்கமும் இரண்டு சின்ன பம்ப், நீலமும் வெள்ளையுமாக விளக்கு, தூத்துக்குடி வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மெஷின், கரண்ட் போனால் மூச்சு நிற்காமல் இருக்க இன்வெர்ட்டர். மேலே ஏறும் குழாயின் வாயோரம் அவள் ஒரு சின்னத் துளை போட்டபோது எதற்கென்று கேட்டார்.

"பம்ப் நின்னா தண்ணி வந்த வழியே கீழ இறங்கும் சம்மாட்டி. இந்த ஓட்டை வழியா காத்து புகுந்தா நின்னுரும். காத்து இருந்தாத்தான் தப்பிக்கலாம்" என்றாள். அவர் திரும்பி ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்தார்.

பவளத்தை உயிரோடு எடுத்தால் ஜெயில் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற கஸ்பாரை அடக்கிவிட்டு, சரக்கு அடுக்கி வைத்து இப்போது இடித்துப்போட்ட அவருடைய பழைய கிட்டங்கிச் சுவரிலிருந்து முருகைக்கற்களைப் பொறுக்கினாள். அந்தக் காலத்தில் பவளப் பாரை வெட்டித்தான் ஊரில் சுவர் எழுப்பினார்கள், நூறு வருடம் சுண்ணாம்புக்குள் இருந்து செத்துப்போன கற்கள். சுரண்டி, டிரம்மில் பதினைந்து நாள் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி, குகையும் மேடுமாக அடுக்கினாள்.

கடைசியில் தண்ணீர். சுத்தம் செய்த நல்ல தண்ணீரில் மீன்தொட்டிக்கென்று கடையில் விற்கும் உப்பைக் கலந்து கடல்நீர் உண்டாக்குவதுதான் முறை, முதல் தொட்டிக்கு அதுதான் பத்திரம் என்று அவள் சொன்னாள். கஸ்பாருக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஊரே உப்பளம். இங்க இருந்துட்டு உப்பைப் பாக்கெட்டுல வாங்குனான் சம்மாட்டின்னு எவனாவது கேள்விப்பட்டா சிரிக்கமாட்டானா? வாசல்ல கடலு. அள்ளி ஊத்து."

தூத்துக்குடிக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

"அப்படீன்னா கரையில அள்ளக் கூடாது, ஒரே சாக்கடை. குடைப்பாருக்குப் போயி அள்ளிட்டு வரச் சொல்லுங்க. அங்கதான் தண்ணி தெளிவு."

கஸ்பாரின் கை வேட்டி மடிப்பை நீவியது, மறுபடி நீவியது. வேண்டாமென்று சொன்னால் அதுவே ஒரு பதிலாகிவிடும் என்று அவருக்கு விளங்கியது. "சரி" என்றார். மறுநாள் மிக்கேல் இருபது கேனில் குடைப்பார்த் தண்ணீரைக் கொண்டுவந்து இறக்கினான். "இந்தா மயினி" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

ஆறு வாரம் மீனில்லாமல் வெறும் தண்ணீரும் கல்லும் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லில் குடியேறினால்தான் மீன் கழிவின் விஷம் முறியும், அதுவரை எதையும் விடக் கூடாது. சம்மாட்டி நாற்காலியை இழுத்துப்போட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், கல்லுக்கு எப்போ கல்யாணம் என்று தெருவில் கேலி பேசினார்கள். பிறகு பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஜோடி ஒன்றையும் நாலு இறாலையும் அவள் கொண்டுவந்து விட்டாள். பெரியதான பெட்டைக்கு ராணி என்றும், அவள் பின்னாலேயே திரிந்த சின்னதற்குத் துரை என்றும் அவர் பேர் வைத்தார். ஒரு மாதத்தில் ராணி அவர் விரலைக் கண்டால் மேலே வந்தது. யாரிடமும் தணிந்து பேசியறியாத மனிதர் அதனிடம் "சாப்பிட்டியாம்மா, தூங்குனியாம்மா" என்று கொஞ்சினார். அமலோற்பவத்துக்கு உள்ளுக்குள் இனித்தது. பழம் பழுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் தொட்டியில் தண்ணீர் குறையத் தொடங்கியது. மருமகள் ஷைனி ஓடிவந்து தரையைத் துடைக்கத் துணியோடு நின்றாள், தரை காய்ந்து கிடந்தது. கீழ்த்தொட்டியில் மட்டம் மாறவில்லை. தண்ணீர் பாட்டுக்குக் குறைந்து, கற்களின் தலை வெளியே தெரிந்து, ஒன்பதரைக்குப் பாதித் தொட்டியில் வந்து நின்றது. அமலோற்பவம் தொட்டியைத் தடவிப் பார்த்தாள், குழாயைத் தடவிப் பார்த்தாள், பிறகு எழுந்து தெருமுனை வரை போய்க் கடலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"லீக்கா?" என்றார் கஸ்பார்.

"லீக்கு இல்ல சம்மாட்டி. வத்தம். அங்க கடலு வத்திருக்கு, இங்கயும் வத்திருக்கு."

கஸ்பார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் கடலில் கிடந்தவர்.

"அப்போ மூணரைக்கு ஏறிரும்" என்றார். மூன்றரைக்கு ஏறியது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் தனி. முதல் வாரம் மூக்கில் விரலை வைத்தார்கள், இரண்டாவது வாரம் விரலை எடுத்துவிட்டார்கள். படகுக்காரர்கள் கடற்கரை வரை நடக்கச் சோம்பல்பட்டு, சம்மாட்டி வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து ஏற்றமா வற்றமா என்று தெரிந்துகொண்டு போனார்கள். ஷைனி வற்றும்போது கூடம் பெருக்கி, ஏறும்போது துணி மடிக்கப் பழகினாள். பிள்ளைத்தாய்ச்சிகளைக் கொண்டுவந்து ஏற்ற நேரத்தில் உட்காரவைத்தால் வலி சுகமாக வரும் என்று யாரோ சொல்ல, சோபாவில் எப்போதும் ஒரு வயிறு இருந்தது. கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார் வந்து மூன்று நாள் அளந்து எழுதி, நாலாம் நாள் தன் மாமியாரைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனார். பங்குச்சாமி வந்து பார்த்துவிட்டு, ஆண்டவர் செய்த புதுமை என்றும் சொல்லமாட்டேன், புதுமை இல்லை என்றும் சொல்லமாட்டேன், செருப்பை வெளியே வரிசையாக விடுங்கள் என்று மட்டும் சொன்னார். கடலோடு கடலின் விதைகளும் வந்தன போலும், செத்த முருகைக்கற்களில் பச்சையும் ஊதாவுமாக மொட்டு கட்டிப் பூத்தது. கஸ்பார் சம்மாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு சாமான்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு வற்றத்திலும் மணல் மேல் ஏதாவது ஒன்று கிடந்தது, ஒரு நாள் ஜெபமாலை, ஒரு நாள் குழந்தைக் கொலுசு, ஒரு நாள் சாவிக்கொத்து. இருபது வருடங்களுக்கு முன்பு படகில் திருவிழாவுக்குப் போகும்போது தும்மிய தும்மலில் பறிகொடுத்த பல்செட்டை ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் தங்கையா அங்கேதான் கண்டெடுத்தார். வெந்நீரில் கழுவி, அங்கேயே மாட்டிப் பார்த்து, "பல்லு அப்படியே இருக்கு, வாய்தான் சிறுத்துப்போச்சு" என்றார். அதன்பின் கடலில் எதையாவது தொலைத்தவர்கள் எல்லாம் வற்ற நேரம் கேட்டுக் கூடத்தில் வந்து குந்தினார்கள், ஷைனி ஒரு பிளாஸ்டிக் பேசினை எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் முன்வரிசைக்கு முண்டியபோது அமலோற்பவம் சுவரோரமாக நின்றாள். அவள் தொலைத்தது என்னவென்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

கஸ்பார் மட்டும் இப்போதெல்லாம் வற்றம் தொடங்கினால் எழுந்து கொல்லைப்புறம் போனார்.

அந்த நாட்களில்தான் செப்புக் குடங்கள் வந்தன. கடல் தேடி வந்திருக்கிற இடத்துக்கு வெறுங்கையோடு போவதாவது என்று, ஒரு செவ்வாய்க்கிழமை அமலோற்பவம் இல்லாத நேரமாகப் பதினோரு பெண்கள் புளி போட்டு விளக்கிய செப்புக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, பயபக்தியோடு தொட்டியில் ஊற்றிக் கும்பிட்டார்கள். வேளாங்கண்ணித் தீர்த்தமும் இருந்தது, திருச்செந்தூர்த் தீர்த்தமும் இருந்தது. மறுநாள் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன, கல்லில் பூத்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டது. ராணி ஒரு மூலையில் நின்று வேகவேகமாக மூச்சு வாங்கியது. கஸ்பாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, "அமலோற்பவம், எப்படியாவது காப்பாத்து" என்று நின்றார்.

ஒன்பது வருடமாக அவள் காத்திருந்தது, அவள் விரலைக்கூட அசைக்காமல் நடந்துகொண்டிருந்தது. சும்மா நின்றால் போதும். அவள் நிற்கத்தான் நினைத்தாள். ஆனால் தொட்டி செத்தால் கடல் இந்தக் கூடத்துக்கு எதற்கு வரும், பல்செட்டைக்கூட ஞாபகம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த கடல் பிலவேந்திரனை மட்டும் மறந்திருக்குமா என்ற நினைப்பு அவள் கையைப் பிடித்து இழுத்தது. கரி நிரப்பிய பை போட்டாள், உலோகம் உறிஞ்சும் பஞ்சு வைத்தாள், மூன்று நாளில் மூன்று தடவை தண்ணீர் மாற்றினாள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செம்போடு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினாள். எதிரியின் மீனுக்குக் காவல் இருக்கிற தன் தலைவிதியை நினைத்து அவளுக்கு எரிச்சலாக வந்தது. முடிச்சிலிருந்த செப்புக் காசை அவிழ்த்துச் சாக்கடையில் போட்டாள்.

"நீ இல்லேன்னா ராணி போயிருப்பா. சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றார் கஸ்பார், கண் கலங்கி. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டு நாள் கழித்து மஞ்சள் ஓஸ் வந்தது. படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து குளியாளியின் வாய்க்குக் காற்று போகும் ஓஸ், ஒரு முழ நீளம், ஒரு நுனி கத்தியால் வெட்டிய வெட்டு. முன்வரிசையில் முண்டியவர்கள் பின்வாங்கினார்கள். "கடல்ல ஆயிரம் ஓஸ் கெடக்கும்" என்று உள்ளேயிருந்து கஸ்பார் குரல் கொடுத்தார், அவர் அதைப் பார்க்கக்கூட வரவில்லை. அடுத்த வாரமே தொட்டியைப் பிரித்துவிடலாம், மீனை மட்டும் சின்னத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோது, சின்னத் தொட்டியில் ராணி ஒரு மாதம் தாங்காது என்றாள் அமலோற்பவம். அது பொய்யில்லை. அவர் அந்தப் பேச்சை விட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை வற்றத்தில் சங்குப் பை வந்தது. இடுப்பில் கட்டிக்கொண்டு சங்கைப் பொறுக்கிப் போடும் நைலான் வலைப்பை, உள்ளே மூன்று சங்கு. அமலோற்பவம் முதல் தடவையாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள், தொட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். அவள் இடதுகைக்காரி, அவள் போடும் முடிச்சு எல்லார் முடிச்சுக்கும் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும், அதைப் பார்த்து அந்தத் தெருவே ஒரு காலத்தில் சிரித்திருக்கிறது. பையை விரித்துக் குழாயடிப் பெண்கள் முன்னால் பிடித்தாள். அவர்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக முடிச்சைத் தடவிப் பார்த்தார்கள். சோபாவில் உட்கார்ந்திருந்த தங்கையா வாத்தியார் எழுந்து நின்றார்.

"சம்மாட்டி" என்று கூப்பிட்டாள். அவர் வந்து நின்றார். "இது அவருக்கு நான் முடிஞ்ச பை. அன்னைக்குக் காலையில நான்தான் இடுப்புல கட்டிவிட்டேன். படகுலயே ஏறாத ஆளோட பை சங்கோட எப்படி வந்துச்சு?"

"வித்திருப்பான். எவனாவது வாங்கியிருப்பான்" என்றார் கஸ்பார். "எனக்கு என்ன தெரியும்."

அப்போதுதான் தண்ணீர் இன்னும் குறைந்தது. பாதியில் நிற்க வேண்டிய வற்றம் பாதியில் நிற்கவில்லை. பூத்த கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வாடின, பம்புகள் காற்றை இழுத்து உறுமின, கடைசியில் மணலோரம் ஒரு சோற்றுத் தட்டளவு தண்ணீர் மிஞ்சியது, அதில் ராணியும் துரையும் பக்கவாட்டில் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்று மணிக்கு ஏற்றம் என்றார்கள். மூன்று மணி ஆயிற்று, வெளியே கடல் ஏறியது, கூடத்தில் ஏறவில்லை. கஸ்பார் டிரம்மில் இருந்த தண்ணீரை வாளி வாளியாகத் தானே தூக்கி ஊற்றினார், ஊற்ற ஊற்ற அது மணலுக்குள் இறங்கிப் போயிற்று, தட்டளவு தண்ணீர் தட்டளவாகவே இருந்தது.

"ஏதாவது செய்யி அமலோற்பவம், சாகுது" என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க எவ்வளவு நேரம் நின்னு பாத்தீங்க சம்மாட்டி? அதச் சொல்லுங்க. அவ்வளவு நேரம் நானும் பாக்கேன்."

துரை அசைவதை நிறுத்தியது. ராணியின் செவுள் தூக்கித் தூக்கி விழுந்தது. அந்தப் பெரிய மனிதர் தொட்டியோரம் மண்டியிட்டு, கண்ணாடியில் நெற்றியை வைத்து, குழந்தையைப் போல அழுதார், அமலோற்பவத்துக்கு அந்த மீனின் மேல் பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் புருஷனுக்காக இந்த ஊரில் ஒருவரும் இப்படி அழுததில்லை.

"தண்ணிக்குள்ளதான் இருந்தான்" என்றார் கஸ்பார் கண்ணாடியைப் பார்த்தபடியே.

"யாரு? பேரச் சொல்லுங்க."

"பிலவேந்திரன். குடைப்பார்ல. தடை பண்ணின எடம். ரோந்துப் படகு வந்துட்டு, மாட்டினா என் படகு போயிரும். அவன இழுத்து ஏத்த நேரமில்ல. ஓஸ அறுத்தேன்."

"யாரு அறுத்தா?"

"நான்தான் அறுத்தேன். என் கையால."

"எத்தன பாகம் ஆழத்துல இருந்தாரு?"

"ஏழு பாகம்."

"அந்தக் கொச்சிக்காரி?"

"அப்படி ஒருத்தி கெடையாது."

மணலுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்தது. சத்தமில்லாமல் ராணியை நிமிர்த்தியது, துரையைத் தூக்கியது, கல்லைக் கல்லாக மூடிக்கொண்டு ஏறித் தன் பழைய மட்டத்தில் நின்றது. ஒரு மனிதனுக்காகவும் அவன் பெண்டாட்டிக்காகவும் ஒன்பது வருடம் திறக்காத வாய், இரண்டு மீனுக்காகத் திறந்ததே என்று அமலோற்பவத்துக்கு நெஞ்சு காந்தியது. சொல்லிவிட்டார் என்பதால் அவள் கோபம் குறைந்தது என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது.

அன்று சாயங்காலம் கோவிலில் துக்கமணி அடித்தது, ஒன்பது வருடம் பிந்தி. குழாயடியில் அதிகம் பேசியவர்கள்தான் அதிகம் அழுதார்கள், அவள் அழவில்லை, அவர்களுக்கு ஆறுதலும் சொல்லவில்லை. போலீஸ் வந்து கஸ்பாரையும் மிக்கேலையும் கூட்டிப்போனது, வயதைக் காட்டி ஜாமீன் வாங்கிக்கொண்டு கஸ்பார் மட்டும் பத்து நாளில் வீடு திரும்பினார். கேஸ் நடக்கிறது, அது நடந்துகொண்டே இருக்கும். உடல் கிடைக்காத மனிதனுக்குக் கல்லறை எங்கே கட்டுவது என்று பங்குச்சாமி யோசித்தபோது, யோசிக்க ஒன்றுமில்லை என்றாள் அமலோற்பவம்.

"குடைப்பார்த் தண்ணிலதான் அவரு கெடக்காரு சாமி. அந்தத் தண்ணி சம்மாட்டி வீட்டுக் கூடத்துல இருக்கு. அதுதான் கல்லறை."

சாமி கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் தரையைப் பார்த்தார். சாமி ஜெபம் சொல்லித் தொட்டியை மந்திரித்தார், ஷைனி பெயரும் தேதியும் வெட்டிய கல்லை ஸ்டாண்டுக்குக் கீழே பதிக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

அந்த நாளிலிருந்து தொட்டியில் வற்றமும் இல்லை, ஏற்றமும் இல்லை. கடல் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது, மிஞ்சியது எல்லாத் தொட்டியையும் போல ஒரு தொட்டி, ஆள் பார்க்காவிட்டால் ஒரு வாரத்தில் செத்துப்போகும் தொட்டி. தண்ணீர் தினம் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் தினமும் ஊற்றியாக வேண்டும், கண்ணாடி வழிக்க வேண்டும், நுரைக் கசடைக் கொட்ட வேண்டும், பூவுக்கும் மீனுக்கும் நேரத்துக்குத் தீனி போட வேண்டும். அமலோற்பவம் வேலையை விட்டுவிட்டாள். வேறு யாரும் வரவில்லை, எல்லாம் கஸ்பார் தலையில் விழுந்தது. துபாய்க்கு வந்துவிடுங்கள் அப்பா என்று மகன் கெஞ்சினான், ஜாமீன் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் இரண்டு நாள் வெளியூர் போக முடியாது, தொட்டி செத்தால் பிலவேந்திரனை இரண்டாவது தடவையும் அவரே கொன்றதாக ஆகும் என்று ஊர் சொல்லிவிட்டது. வாசல் கதவைச் சாத்தவும் முடியாது, கல்லறையை யார் பூட்டி வைப்பார்கள்.

நவம்பர் இரண்டாம் தேதி காலையிலேயே தெரு முழுக்க மெழுகுவத்தியோடு கூடத்துக்கு வந்தது. தரையில், ஸ்டாண்டின் விளிம்பில், சோபாக் கையில், டி.வி. மேல் என்று வைத்த இடமெல்லாம் எரிந்தது, மெழுகு உருகிக் கஸ்பாரின் பளிங்குத் தரையில் வழிந்தது. கடைசியாகக் கறுப்புச் சேலை உடுத்திக்கொண்டு அமலோற்பவம் வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மெழுகுவத்தியைத் தன் புருஷனின் தலைமாட்டில் கொளுத்தி வைத்தாள், முழங்காலில் நின்று ஜெபம் சொன்னாள், எழுந்து சம்மாட்டி வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சுவரோரம் தரையில் குந்தியிருந்தார். அவள் கைப்பையிலிருந்து உப்பு பார்க்கும் கருவியை எடுத்து, தொட்டியில் ஒரு சொட்டு எடுத்து வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உப்பு ஏறியிருக்கு சம்மாட்டி" என்றாள். "எந்திரிச்சுத் தண்ணி ஊத்துங்க."